ஆர்எக்ஸ் 135-க்கு கெய்ஹின் பிடபிள்யூகே 28: ட்ராக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு

"அண்ணா, எத்தனை எம்.எம். கார்ப் போடலாம்?"

யமஹா ஆர்எக்ஸ் பைக் வைத்துக்கொண்டு ரேஸ் ஆசையோடு எங்கள் பட்டறைக்கு வருகிற பசங்க முதலில் கேட்பது இதைத்தான். சிலிண்டரில் என்ன வேலை செய்திருக்கிறாய், சைலன்சர் என்ன போட்டிருக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரின் (கார்ப்) வாய் அளவைப் பேசவே கூடாது. பெரிய கார்ப் போட்டால் பெரிய பவர் என்று ஒரு நம்பிக்கை கோயம்புத்தூர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையில் நல்ல வண்டிகள் எத்தனையோ கெட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் எழுதுவது அக்கா மகன் ஓட்டுகிற வண்டியை வைத்து. யமஹா ஆர்எக்ஸ் 135, டூ ஸ்ட்ரோக், ஐந்து கியர். போர் (சிலிண்டரின் விட்டம்) 58 எம்.எம்., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 எம்.எம்., கணக்குப் போட்டால் 132 சிசி. எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) உயர்த்தி, ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டுகளை (கலவை உள்ளே வரும் துளைகள்) ஒழுங்குபடுத்தி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிற ரேஸ் சைலன்சர் மாட்டியிருக்கிறோம். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். கம்பெனி நிலையில் நிமிடத்துக்கு 7,500 சுற்றை, அதாவது 7,500 ஆர்பிஎம்-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடுகிற எஞ்சின் இப்போது 9,500 வரை இழுக்கிறது. இதில் மிகுனி 24, மிகுனி 26, கெய்ஹின் பிடபிள்யூகே 28, ஒரு நண்பரின் வண்டியிலிருந்து கழற்றிய 30 என்று எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தாயிற்று. மிகுனி, கெய்ஹின் இரண்டும் கார்ப் கம்பெனிகள், எண் வாயின் விட்டம், எம்.எம்.-இல். கடைசியில் வண்டியில் நின்றது 28 கெய்ஹின். ஆனால் அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

பழைய ட்யூனர்களிடம் ஒரு கணக்கு உண்டு. சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் உச்ச பவர் தருகிற ஆர்பிஎம்-ஆல் அதைப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, வருவதை 0.8-ஆல் பெருக்கினால் கார்ப் வாயின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எங்கள் 135-க்குப் போட்டுப் பாருங்கள். 0.132 பெருக்கல் 9,500, அதாவது 1,254. வர்க்கமூலம் 35.4. அதில் 0.8 பங்கு 28.3. அதே வண்டி கம்பெனி போர்ட்டோடு 7,500-இல் உச்சம் தொட்டால் வருவது 25 சொச்சம்தான். கை வைக்காத 135-இல் 28 மாட்டினால் ஏன் கீழே இழுவை இல்லாமல் போகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 98 சிசி, 7,500 சுற்று என்றால் கணக்கு 22-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். போர்ட்டிங் செய்து 9,000-க்குக் கொண்டுபோனால் 24-ஐ ஒட்டி வரும். 100-க்கு 28 மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்கிறார்கள். 0.8 என்பதைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாலைக்கு 0.7 அளவில் நிறுத்தலாம், நேர்கோட்டு ட்ராக் (drag) ரேஸுக்கு 0.9 வரை போகலாம். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெரிய வாய் ஏன் கெடுதல் செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கார்புரேட்டரில் பெட்ரோலை யாரும் உள்ளே தள்ளுவதில்லை. காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து ஜெட் (சிறு துளையுள்ள திருகு) வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதைப் போல, வாய் சிறுத்தால் காற்றுக்கு வேகம் கூடும். ஆர்எக்ஸ் 100-இல் வந்த 20 எம்.எம். மிகுனியை எடுத்துவிட்டு 28 போட்டால் வாயின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே ஆர்பிஎம்-இல் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தால் காற்றின் வேகம் பாதி. உறிஞ்சும் சக்தி பாதியைவிடவும் கீழே போய்விடும். ஆக்சிலேட்டரைப் பிடுங்கினால் எஞ்சின் "ம்ம்ம்" என்று முனகி, ஒரு நொடி கழித்துத்தான் எழும். கடைவீதியில் அந்த ஒரு நொடி பெரிய விஷயமில்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது அதற்குள் முன்னால் போகிறவன் இரண்டு வண்டி நீளம் விலகிவிடுவான்.

நண்பரின் 30-ஐ மாட்டிக் கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையம் ட்ராக்கில் விட்டபோது அக்கா மகன் உள்ளே வந்து சொன்னது இதுதான்: "மாமா, நேர்ல பறக்குதுங்க. ஆனா வளைவுல வெறும் சத்தந்தான். ஏழாயிரத்துக்கு மேலதான் புடிக்குது." அவன் சொன்னதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிட முடியாது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற அந்த ட்ராக் 2.1 கிலோமீட்டர். நேர்ப்பாதை வந்தாலும் வண்டி அதிக நேரம் இருப்பது வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில்தான். அங்கே கைக்குள் நிற்கிற கார்ப்தான் லேப் டைமைக் குறைக்கும்.

முதலில் மிகுனி விஎம் 24-ஐயும் 26-ஐயும் பற்றி. சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அதைப் பிரித்துப் பிரித்தே வேலை கற்றவர்கள். மறைமலை நகரில் யூகால் நிறுவனம் மிகுனியோடு சேர்ந்து கார்புரேட்டர் செய்த காலத்திலிருந்தே நம் மெக்கானிக்குகளுக்கு அது கைப்பழக்கம். உருளை வடிவ ஸ்லைடு (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கி வாயைத் திறந்து மூடுகிற பாகம்), எளிமையான உடம்பு. ஜெட்டும் நீடிலும் (ஸ்லைடோடு ஏறி இறங்குகிற ஊசி) தேடினால் கிடைக்கும். நீடில் ஜெட்டில் எழுத்து ஒன்று மாறினால் 0.05 எம்.எம்., பக்கத்து எண் ஒன்று மாறினால் 0.005 எம்.எம். என்று நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இறங்கி வேலை பார்க்கிறவருக்கு விஎம் ஒரு நல்ல ஆசான். 24 போட்ட எங்கள் 135 மூவாயிரத்திலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் 8,500-க்கு மேல் காற்றுப் பற்றவில்லை. 26 அதைவிட ஆயிரம் சுற்று கூடுதலாகக் கொடுத்தது. இந்தோனேசியாவின் ஆர்எக்ஸ் கிங்கில் கம்பெனியே 26 மிகுனி போட்டதைப் பார்த்தால், சாலையில் ஓடும் 135-க்கு அதுதான் நல்ல எல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் வேலைக்கும் போய், எப்போதாவது ட்ராக்கிலும் ஓட்டுகிறவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு 26 வாங்கிவிடலாம். 100 வைத்திருப்பவர்களுக்கு 24.

இனி கெய்ஹின் பிடபிள்யூகே 28.

கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது ஸ்லைடு. விஎம்-இல் முழு உருளையாக இருப்பது இதில் ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் தட்டையாகவும், ஆங்கில டி எழுத்தைப் போல இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. உருளை ஸ்லைடு மேலே எழும்போது அதன் அடியில் ஒரு பெரிய பள்ளம் உண்டாகும். உள்ளே வரும் காற்று அந்தப் பள்ளத்தில் சுழன்று கலையும், உறிஞ்சும் சக்தி சிதறும். ஸ்லைடு மெலிந்தால் பள்ளமும் குறுகும். அரை ஆக்சிலேட்டரில் காற்று நேராக நீடிலின் மேல் போய் விழும். 28 எம்.எம். வாயை வைத்துக்கொண்டும் 26 விஎம் அளவுக்கு நடு ஆர்பிஎம்-இல் இது பதில் சொல்வதற்கு இந்த வடிவமே காரணம் என்று நினைக்கிறேன். வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை மெல்லத் திறக்கும்போது எந்த இடத்தில் எஞ்சின் பிடிக்கும் என்பது அக்கா மகனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தெரிகிறது. ஓட்டுகிறவனுக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான். 5,500-இலிருந்து சுத்தமாக எழுகிறது. 9,500 வரை குறையே இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிண்ணத்தின் அடியில் உள்ள பெரிய நட். 17 ஸ்பேனர் போட்டு அதைத் திறந்தால் பெட்ரோல் வடியும், மெயின் ஜெட் நேராகக் கண்ணுக்குத் தெரியும். கார்ப்பைத் திருப்ப வேண்டாம், கிண்ணத்தைக் கழற்ற வேண்டாம். பிட்டில் (ட்ராக் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கிற இடம்) வெயிலில் நின்றுகொண்டு, அடுத்த செஷனுக்குக் கூப்பிடுவதற்குள் ஜெட் மாற்றி மூடிவிடலாம். இந்த வசதிக்காகவே தனியாகக் காசு கொடுக்கலாம் என்பேன். ஜெட் மாற்றுவது கஷ்டமாக இருந்தால் மனிதன் சோம்பல்படுவான். "இதுவே போதும்" என்று லீனாக (கலவையில் பெட்ரோல் குறைவாக) இருக்கிற வண்டியை மறுபடியும் விடுவான். டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு விலை ஒரு பிஸ்டன்.

ஜெட்டிங் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்தப் பாகம் எப்போது வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் எதைத் தொடுவது என்பது தெரியும். ஆக்சிலேட்டர் கால் பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் பங்கை ஒட்டிய இடத்தில் ஸ்லைடின் அடியில் சரித்து வெட்டியிருக்கிற கட்அவே. அதன் எண் கூடக் கூடக் கலவை லீனாகும். அங்கிருந்து முக்கால் வரை நீடில், அதிலும் நீடிலின் பருமனும் க்ளிப் நிற்கிற காடியும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். வண்டி "புடிக்கல" என்று சொன்னவுடன் மெயின் ஜெட்டைக் கழற்றுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக் கொடுங்கள். எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்று ஓட்டியவனையே கேளுங்கள். வேலை பாதி முடிந்தது.

இன்னொன்று. மிகுனியின் 120-உம் கெய்ஹினின் 120-உம் ஒன்றல்ல. கெய்ஹின் எண் துளையின் விட்டத்தைச் சொல்கிறது. மிகுனியின் ஆறுபட்டை ஜெட்டில் எண் என்பது எவ்வளவு பெட்ரோல் ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. விஎம்-இல் ஓடிய எண்ணை அப்படியே பிடபிள்யூகே-வில் எழுதிப் போடாதீர்கள்.

எங்கள் வண்டியில் இன்றைக்கு நிற்கிற செட்டிங் இது: மெயின் 118, பைலட் 45, நீடில் க்ளிப் நடுக் காடி, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே. இது செட்டிப்பாளையத்துக்கு, காலை நேரத்துக்கு. உங்கள் சைலன்சர் வேறு என்றால் எண்ணும் வேறு. அதனால் 125-இல் ஆரம்பித்துக் கீழே இறங்கி வாருங்கள், கீழிருந்து மேலே ஏற வேண்டாம். ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால் வண்டி முழு ஆக்சிலேட்டரில் திணறும், புகையும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் நேர்ப்பாதையின் கடைசியில் எஞ்சின் திடீரென்று லேசாகி, முன்னைவிட நன்றாக ஓடுவதைப் போலத் தோன்றும். அந்த இனிமைக்கு மறு நொடியே பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். எங்கள் பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நேர்ப்பாதையில் இரண்டு விரல் எப்போதும் க்ளட்ச் மேல் இருக்க வேண்டும் என்பது.

இதே வண்டியைச் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குக் கொண்டு போனால் கணக்கு மாறுகிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம் உயரம். சென்னைப் பக்கம் இறங்கினால் காற்று நாலு, ஐந்து சதவீதம் அடர்த்தி கூடும். ஜெட் 118-இலிருந்து 120-க்குப் போனால் துளையின் பரப்பு மூன்றரைச் சதவீதம் கூடுகிறது. ஆக, ஒரு படி ஏற்றினால் சரியாக வரும். இது காலையில். மதியம் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 38-க்கு ஏறும்போது காற்று மறுபடியும் நாலு சதவீதம் மெலிகிறது. கடற்கரைக் காற்றில் உள்ள ஈரம் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தில் இன்னும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, இருங்காட்டுக்கோட்டையின் மதியம் கிட்டத்தட்டச் செட்டிப்பாளையத்தின் காலையாகிவிடும். காலை செஷனில் 120, மதியம் பழைய 118. அங்கே நேர்ப்பாதை நீளம். முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் அதிக நேரம் கொதிக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் 120-லேயே விட்டுவிடுவேன்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 2025-லிருந்து பங்க்குகளில் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் வருகிறது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்து பார்த்தால் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் கேட்கும். பத்து சதவீதம் கலந்த நாட்களில் 115-இல் சரியாக ஓடிய வண்டி இன்றைக்கு 118 கேட்பது இதனால்தான். பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த ஜெட் எண்ணை நம்பி இன்று வண்டியை விடுகிறவர்கள் தயவு செய்து ஒரு படி ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ட்ராக்கிலிருந்து வந்ததும் அந்த 17 நட்டைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும். அப்படியே இரண்டு வாரம் நின்ற கார்ப்பைத் திறந்து பார்த்தால் பைலட் ஜெட்டில் பச்சையாகப் படிந்திருக்கும்.

சரி, மாட்டுவதில் என்னென்ன வேலை? பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிவிடலாம் என்று வாங்காதீர்கள். பிடபிள்யூகே 28-இன் எஞ்சின் பக்கக் கழுத்து வெளியளவு 35 எம்.எம். ஆர்எக்ஸின் மேனிஃபோல்டில் (கார்ப்பையும் எஞ்சினையும் இணைக்கிற குழாய்) அது போகாது. நாங்கள் லேத்தில் ஒரு அலுமினிய மேனிஃபோல்டு கடைந்து, ரப்பர் இணைப்பு கொடுத்தோம். உள்ளே 28-இலிருந்து ரீட் பிளாக் (எஞ்சின் வாயில் உள்ள ஒருவழி வால்வு) வரை எங்கேயும் படி நிற்கக் கூடாது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் நகம் மாட்டக் கூடாது. இரும்பாக இறுக்கமாக மாட்டினால் எஞ்சினின் அதிர்வில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைத்து, மேல் ஆர்பிஎம்-இல் காரணம் தெரியாத மிஸ்ஸிங் வரும். ரப்பர் கட்டாயம். க்ளாம்ப் மாட்டிய பின் ஐடிலில் ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றிலும் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். சத்தம் மாறினால் எங்கேயோ காற்று திருடுகிறது.

ஆயில் பம்பை வைத்தே ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸின் கேபிள் பாதி வழியில் பிரிந்து, ஒன்று கார்ப்புக்கும் ஒன்று பம்புக்கும் போகிறது. புது கார்ப்புக்குக் கேபிள் மாற்றும்போது பம்பின் அளவு கெட்டுவிடும். அதை மறந்துவிட்டு, ஜெட் சரியில்லை என்று கார்ப்பைத் திட்டிக்கொண்டு பிஸ்டனை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஆக்சிலேட்டர் கைப்பிடி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய கைப்பிடி 20 எம்.எம். ஸ்லைடுக்குச் செய்தது. இப்போது அதே கேபிள் 28 எம்.எம். தூரம் இழுக்க வேண்டும். முழுதாகத் திறக்க மணிக்கட்டை ஒரு முறை முறுக்கி, விட்டுப் பிடித்து, மறுபடியும் முறுக்க வேண்டியிருந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது அப்படி இரண்டு முறை முறுக்கினால் முழங்கை கீழே தொங்கிவிடும், உடம்பின் எடை இடம் மாறிவிடும். சுற்று விட்டம் பெரிய ரேஸ் கைப்பிடி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் பையன் இந்தக் கார்ப்பைப் புகழவே ஆரம்பித்தான். கார்ப்புக்குப் பட்ஜெட் போடும்போதே கைப்பிடிக்கும், கேபிளுக்கும், மேனிஃபோல்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

விலைக்கு வருகிறேன். அசல் 28-க்கு நான் கொடுத்தது பத்தாயிரத்தை ஒட்டி. அந்தக் காசில் அதே மாதிரி தோற்றமுள்ள நகல் நாலைந்து வாங்கலாம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நகல் என்று சொல்லி, தன் பெயரில், தன் விலையில் விற்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அதைப் பிரித்து, பாதைகளைச் சுத்தம் செய்து, நல்ல ஜெட் போட்டுச் சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நகலை அசல் என்று சொல்லி, அசலின் விலைக்குத் தலையில் கட்டுவதுதான் குற்றம். ஒரு கடையிலிருந்து கூரியரில் வந்த பெட்டி அப்படித்தான் இருந்தது. மினுமினுக்கிற ஸ்டிக்கர், சீல், உடம்பில் அழுத்தமாகப் பெயர், எல்லாம் இருந்தன. ஸ்லைடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அசலில் பட்டுப் போல இருக்கிற முகத்தில் இங்கே டூல் ஓடிய கோடுகள். வெறும் உடம்பில் ஸ்லைடை ஸ்ப்ரிங் இல்லாமல் போட்டு மேலும் கீழும் ஆட்டினேன். முக்கால் உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டது. தட்டினால்தான் இறங்கியது. ஸ்ப்ரிங் இருந்தால் இழுத்துவிடும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். 120 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழையும்போது ஸ்லைடு இறங்காமல் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஜெட்டையும் அளந்தேன். பட்டறையில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பின் கேஜ் (துளையை அளக்கும் ஊசி) செட் இருக்கிறது. என் அசல் 120 ஜெட்டில் 1.19 பின் வழுக்கிக்கொண்டு போனது, 1.20 வாயில் நின்றது. நியாயம். பெட்டியோடு வந்த 120-இல் 1.24 பின் தானாகக் கீழே விழுந்தது. கூடவே உபரியாகக் கொடுத்த இன்னொரு 120-இல் 1.17 கூடப் போகவில்லை. ஒரே எண், ஒரே பை. இரண்டுக்கும் நடுவில் பரப்பில் 12 சதவீத வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு ஒருவன் ட்யூனிங் கற்றுக்கொள்ள முடியுமா? ஜெட்டை இறக்கினால் ரிச் ஆகும், ஏற்றினால் லீன் ஆகும். தன் மூளையையே சந்தேகப்படுவான். கடை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கார்ப் இப்போது பட்டறை அலமாரியில் இருக்கிறது. புதிதாக வருகிற பசங்களுக்கு அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துக் காட்ட உதவுகிறது. வாங்கும் முன் ஸ்லைடை இப்படி ஆட்டிப் பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள். பில் கட்டாயம் கேளுங்கள்.

கெய்ஹின் 2021-இல் ஹிட்டாச்சி அஸ்டிமோவோடு இணைந்துவிட்டது. இங்கே 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகை விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் அரிதாகிவிட்டது. அதனால் அசல் பாகம் தேடுவது இனி சுலபமாகாது. இன்று கையில் கிடைக்கிற அசல் நீடிலையும் ஜெட்டையும் வாங்கி வைப்பது வீண் செலவாகாது.

402 மீட்டர் நேர்கோட்டு ட்ராக் (drag) ரேஸ் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு என் தீர்ப்பு வேறு. அங்கே எஞ்சின் எட்டாயிரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. வளைவும் இல்லை. கியர் மாற்றும் இடைவெளியில் கூட ஆக்சிலேட்டரை முழுசாக விடுவதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் போர்ட்டிங்கும் அதற்கேற்ப இருந்தால் 30 போடலாம், நான் தடுக்க மாட்டேன். நண்பரின் வண்டியில் அந்த 30 அருமையாகத்தான் ஓடுகிறது. வளைவுள்ள ட்ராக்கில் ஓடும் 135-க்கு 28-ஐத் தாண்ட வேண்டாம்.

வாங்க முடிவு செய்தவர்களுக்குக் கடைசியாக: கார்ப்போடு சேர்த்தே 115, 118, 120, 122, 125 மெயின் ஜெட்டுகள், 42, 45, 48 பைலட் ஜெட்டுகள், கிண்ணத்துக்கு ஒரு கேஸ்கெட், ஃப்ளோட் நீடில் ஒன்று, ரப்பர் இணைப்பு ஒன்று. இவ்வளவும் ஒரு டப்பாவில் இருந்தால்தான் ட்ராக்குக்குக் கிளம்ப வேண்டும். செட்டிப்பாளையத்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு 120 ஜெட் வேண்டும் என்றால் சிட்டிக்கு வந்துதான் தேட வேண்டும், அதற்குள் கடைசி செஷன் முடிந்திருக்கும்.